இலையை மறைத்த கை

போன மாதம் பேரனின் காரில் சென்னை போயிருந்தோம். ஊருக்குள் நுழைந்ததுமே முன்சீட்டில் விவாதம் ஆரம்பித்துவிட்டது. குடும்பத்தோடு உட்கார வசதியாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் காரமில்லாமல் ஏதாவது கிடைக்க வேண்டும். பில் வரும்போது முகம் வெளுக்கக் கூடாது. பேரன் ஒரு ஓட்டல் சொன்னான், அவன் பெண்டாட்டி வேறொன்று சொன்னாள். இரண்டு ஓட்டலையும் தாண்டி கார் போய்க்கொண்டே இருந்தது. பின்சீட்டில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தாத்தா, பசி மயக்கமா?" என்றாள் பேரன் பெண்டாட்டி.

மயக்கமெல்லாம் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே கேள்வியோடு, இரண்டு பெண்களைப் பின்னால் நடக்கவிட்டு நான் தெருத் தெருவாக அலைந்தது ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு வழியாகக் காரை நிறுத்தினார்கள். கண்ணாடிக் கதவு, 'குடும்ப அறை' என்று எழுதிய பலகை, உள்ளே ஏ.சி. மேசைமேல் வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சுடுசோறு விழுந்ததும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், பாதி பச்சை, பாதி வெந்தது. அந்த வாசனைக்கு வயசே ஆகவில்லை. என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தங்கசாலைத் தெருவில் விட்டுவிட்டது.

அப்போது மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வேறு யாருமில்லை, சொந்த அத்தை மகள் பாவாயி. அத்தை என் அப்பாவோடு கூடப் பிறந்தவள். சின்ன வயசில் என்னை மூக்கைச் சிந்திவிட்டு, முதுகில் நாலு சாத்தி, மடியில் போட்டுச் சோறூட்டியவள். இருந்தாலும் பெண்ணைக் கொடுக்க அவளுக்கு அரை மனசுதான். எங்கள் அப்பா காலத்திலேயே நிலமெல்லாம் கைவிட்டுப் போய்விட்டது. அத்தையின் கணக்கில் நிலமிருந்தால்தான் சோறு. சம்பளம் வாங்கிக் கடையில் அரிசி வாங்குகிறவன் வீட்டில் பொங்குவது சோற்றில் சேராது, அதற்கு அவள் வைத்த பெயர் 'சம்பளக்காரன் சோறு'. அண்ணன் மகன் என்ற உரிமைக்காகக் கொடுத்தாளே தவிர, மகள் வயிறு நிறையுமா என்ற சந்தேகம் அவளை விட்டுப் போகவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாளே அத்தை என்னை 'வாடா, போடா' என்பதை நிறுத்திவிட்டாள். "வாங்க மாப்ளே, உக்கோருங்க மாப்ளே" என்று ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவோம், மாட்டுக்குக்கூடப் போடுவோம். ஆனால் என்னைத் தூக்கி வளர்த்தவள் போட்ட அந்த 'ங்க', எல்லைக்கல் நட்டதுபோல இருந்தது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

கல்யாணப் பந்தியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நான் கடலைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு பேச்சு விட்டிருந்தேன். பரீட்சை எழுத ஒரே ஒரு முறை மதராஸ் போயிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் பேச்சு வாக்கில் மதராஸே எனக்கு உள்ளங்கையில் இருப்பதாக வளர்ந்துவிட்டது. அத்தை அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை. வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஊரெல்லாம் சொன்னவள்.

"அதவிடப் பெருசுங்களா மாப்ளே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க அத்தை" என்றேன்.

"அப்ப லீவு வந்தா ஒருக்கா கூட்டிட்டுப் போங்க. அம்மிணியும் பாக்கட்டும்."

பாவாயியை அவள் அம்மிணி என்றுதான் கூப்பிடுவாள். கேட்டது கடலுக்காக மட்டுமில்லை என்று எனக்கு உடனே புரிந்தது. வெளியூரில் இந்த வாத்தியார் தன் மகளுக்கு எப்படிச் சோறு போடுகிறான் என்று பார்க்க வேண்டும், அதுதான் விஷயம். பெண் பார்ப்பது முடிந்துபோய் மாப்பிள்ளை பார்ப்பது கல்யாணத்துக்குப் பின்னால் நடந்தது என் ஒருவனுக்குத்தான் இருக்கும்.

சித்திரை லீவில் சங்ககிரி ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் போய் ரயில் ஏறினோம். அத்தை ஒரு பெரிய தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். நல்லெண்ணெய் மிதக்க, நிலக்கடலை போட்டு, மூன்று நாள் வைத்தாலும் கெடாத சோறு. கூடவே ஒரு துணி மூட்டையில் முறுக்கும், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும். மதராஸில் தங்கும் நாளெல்லாம் சோற்றுக்குக் கவலையில்லை என்று நான் நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

இங்கே எங்கள் பக்கத்துச் சாப்பாட்டு முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் பிடிபடாது. ஒருவர் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தால், சோற்றைக் கொண்டு வந்ததுமே இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி "போதுங்க, போதுங்க" என்று பதற வேண்டும். ஒரு பருக்கைகூட இன்னும் விழுந்திருக்காது. அது பரவாயில்லை. வீட்டுக்காரர், "என்னத்தச் சாப்டீங்க, கோழி கொறிச்ச மாதிரி!" என்று அதட்டி, கையை விலக்கி ஒரு கரண்டி வைப்பார். மறுபடி கை, மறுபடி அதட்டல். மூன்றாவது நாலாவது கரண்டிக்கு மேல்தான் நிஜமான சாப்பாடு. கையை நீட்டாதவன் காணாததைக் கண்டவன். கையை விலக்கி வைக்காதவன் கருமி. வாய் திறந்து 'இன்னும் கொஞ்சம் போடுங்கள்' என்று கேட்டவனுக்கு எங்கள் ஊரில் பெண் கிடைக்காது.

ரயிலில் அத்தை போசியைத் திறந்தாள். பெட்டி முழுக்க வாசனை. எதிர் சீட்டில் இரண்டு பேர், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, மூலையில் ஒரு போலீஸ்காரர். கண் முன்னால் நாலு பேர் இருக்க நாம் மட்டும் தின்பதா? அத்தை எல்லாருக்கும் இலைத்துண்டு கொடுத்தாள். அவர்கள் மரியாதைக்கு "வேண்டாம்மா" என்றார்கள். அத்தை வைத்தாள். நிஜமாகவே "போதும்மா" என்றார்கள். அத்தை மறுபடி வைத்தாள். போலீஸ்காரர் எழுந்து நின்று கும்பிட்டுப் பார்த்தார், நின்ற நிலையிலேயே கையில் ஒரு உருண்டை வைத்தாள். ஜோலார்பேட்டை வரும்போது போசி காலி. முறுக்கு மூட்டை கைக்குழந்தையின் அம்மாவோடு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அத்தை முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நம்ம மாப்ளைக்கு மதராசுல எல்லா ஓட்டலும் தெரியுமுங்க" என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த மதராஸ் ஓட்டலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். பரீட்சைக்குப் போனபோது ஒரு ஓட்டலில் உட்கார்ந்தேன். சோறு வந்தது. கையை நீட்டி "போதுங்க" என்றேன். போட்டவர் போய்விட்டார். குழம்பு, அதே கதை. அரை வயிற்றோடு எழுந்து வந்து, மதராஸ்காரர்கள் குருவி மாதிரிதான் சாப்பிடுவார்கள்போல என்று முடிவு கட்டினேன். ஊருக்கு வந்து அதையே நாலு பேரிடம் ஆராய்ச்சி முடிவாகவும் சொன்னேன். வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள்!

காலையில் மதராஸில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் குளித்து முடித்தோம். நேராகக் கடலுக்குப் போய்விடலாம், அங்கே ஏதாவது வாங்கித் தின்று சமாளிக்கலாம் என்பது என் திட்டம். அத்தை ஒரே போடாகப் போட்டாள்.

"வெறும் வயித்தோட போயிக் கடலப் பாக்கக் கூடாதுங்க மாப்ளே."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் முன்னால், பத்தடி பின்னால் அத்தை, அவளுக்கு இரண்டடி பின்னால் பாவாயி என்று ஊர்வலம் கிளம்பியது.

முதல் ஓட்டலில் உள்ளே ஒரு கூடம், வெளியே ஒரு கூடம். உள்கூடம் பிராமணர்களுக்கு, வெளிக்கூடம் மற்றவர்களுக்கு என்று பலகையே மாட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சர்வ சாதாரணம். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"பந்தியில ஆளுக்கொரு எடம்னு பிரிக்கிறவனூட்டுல கை நனைக்கக் கூடாதுங்க" என்று திரும்பிவிட்டாள்.

ஊரில் தன் வீட்டு வாசலில் யார் எதுவரை வரலாம், யாருக்கு எந்த டம்ளர் என்று கறாராக வைத்திருந்தவள் இதே அத்தைதான். அன்றைக்கு வாசலின் அந்தப் பக்கத்தில் நின்றதும் நியாயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியபின் அது மறந்தும் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது மிலிட்டரி ஓட்டல். கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரை வந்தது. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டு, கல்லாவில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்க சாமி, இது மேச்சேரி ஆடுங்களா?"

அவர் விழித்தார். "ஆடும்மா. ஆட்டுக்கறி."

"ஆடுன்னு தெரியுதுங்க. எந்த ஊரு ஆடுங்க?"

"இங்க சூளைப் பக்கத்துலேர்ந்து வாங்கியாரோம்மா."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஆடு எந்த ஊருன்னே தெரியாதவரு சோறு போடறாராமா" என்றாள். அவ்வளவுதான், மிலிட்டரி ஓட்டல் முடிந்தது. மேச்சேரிச் செம்மறியைத் தவிர வேறு ஆடு கடவுள் படைத்ததே அத்தைக்கு உடன்பாடில்லை.

அதற்குப் பிறகு பார்த்த இடங்களில் எல்லாம் ஆண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாயும் கையுமாக இருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. "இத்தன ஆம்பளைங்க நடுவுல எம்பொண்ணு எப்படிங்க சோறு திம்பா?" என்று அத்தை கேட்டதும் நியாயந்தான். சில இடங்களில் தனி அறை இருந்தது, ஆனால் வாசலில் நின்ற மோட்டார் கார்களைப் பார்த்ததுமே அது என் சம்பளத்துக்கு அடங்காது என்று தெரிந்துவிட்டது. வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பாவாயி தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தாள், உதடு உலர்ந்திருந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டியாகி மூன்று மாதந்தான், அதிலும் பகலில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இருந்தாலும் இவள் பசியோடு நடக்கிறாளே, என்னை நம்பி வந்தவள் ஆயிற்றே என்று நடையை எட்டிப் போட்டேன்.

தங்கசாலைத் தெருவிலிருந்து பிரிந்த ஒரு சந்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: 'குடும்பத்துடன் வருவோருக்குத் தனி இடம் உண்டு'. வாசலில் மோட்டார் கார் எதுவும் இல்லை. உள்கூடம் வெளிக்கூடம் கிடையாது. கறி வாசனை இல்லாததால் ஆட்டின் பூர்வீகம் பற்றிய பேச்சுக்கும் இடமில்லை. உள்ளே ஒரு மூலையில் பலகைத் தடுப்பு, அதற்கொரு பச்சைத் திரை. தரையில் மூன்று மணை போட்டு மூன்று இலை விரித்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் அடுத்த சங்கடம். மருமகன் முன்னால் மாமியார் சோறு தின்பது முறையில்லை. அத்தை மணையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பிட்டுப் பழகிய பாவாயிக்கு என் பக்கத்தில் உட்காரவே கூச்சம். அவள் திரும்பி அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது பச்சைத் திரை. ஆக, யார் இலையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், ஏதாவது சண்டையா?"

"இல்லீங்க, போடுங்க" என்றேன்.

போட வந்தார். மூன்று திசையிலும் ஆறு கைகள் ஒரே சமயத்தில் இலைமேல் நீண்டன. "போதுங்க, போதுங்க!" அவர் ஆளுக்கு ஒரு கைப்பிடி அளவு வைத்துவிட்டுப் போனார். குழம்பு வந்தது. போதுங்க. பொரியல் வந்தது. போதுங்க. மனிதர் நல்லவர், "சாதம் இன்னும் கொஞ்சம்?" என்று திரைக்குள் தலையை நீட்டி ஒரு முறை கேட்கவும் செய்தார். ஒரு முறை கேட்டதற்கெல்லாம் கையை எடுத்துவிட முடியுமா? மூன்று பேரும் இன்னும் பலமாகப் பதறினோம். தலை திரைக்கு வெளியே போயிற்று. பிறகு வரவேயில்லை. நாங்கள் காத்திருந்தோம். அடுத்து வந்தது மோர்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னும் போடுப்பா. போடு, போடு. குழி பண்ணிச் சாம்பார் ஊத்து."

"எவனோ மானங்கெட்டவன், கேட்டுக் கேட்டுத் திங்கறான்" என்றாள் அத்தை சுவரிடம்.

எழுந்திருக்கும்போதுதான் அத்தை மகளின் இலையைப் பார்த்தாள். துடைத்து வைத்ததுபோல இருந்தது. பசியில் பாவாயி கறிவேப்பிலையைக்கூட விட்டு வைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் இலையில் நாலு பருக்கையாவது மிச்சம் இருந்தால்தான் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இதுக்குத்தானுங்க நெலம் வேணுங்கறது" என்றாள் மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மதராஸில் இவ்வளவுதான் போடுவார்கள் என்று என் ஆராய்ச்சி முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை கழுவ வெளியே வந்துவிட்டோம். அங்கே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள்தான். இலையில் சோறு மலைபோல் குவிந்திருந்தது. என் ஆராய்ச்சி அந்த இடத்திலேயே செத்தது.

அத்தை நேராகக் கல்லாவுக்குப் போனாள். அத்தனை ஆண்கள் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"ஏனுங்க சாமி, எம்பொண்ணு பசியோட எந்திரிச்சிருக்கறாளுங்க. அந்தாளுக்கு அம்பாரமாக் கொட்டியிருக்கறீங்க. நாங்க உங்களுக்கு என்ன பண்ணுனோமுங்க?"

முதலாளி திகைத்துப்போய்ப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அவர் பாவம், அழாத குறைதான். "சாதம் வெக்கவே விடலை முதலாளி. மூணு பேரும் கைய நீட்டி மறைச்சுட்டாங்க. திரும்பப் போய்க் கேட்டேன், அப்பவும் கைதான்."

"நீட்டுனா உட்டுட்டுப் போயிர்றதுங்களா?" என்றாள் அத்தை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கைய வெலக்கிப்போட்டு வெக்கோணுமில்லீங்க! நாங்களா எப்படிங்க எடுப்போம்?"

முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தப்புதாம்மா. திரும்ப உக்காருங்க. வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

ஆனால் கை கழுவியபின் மறுபடி இலையில் உட்காருவதா? அதுவும் இல்லாமல் திரைக்குள்ளே இப்போது வேறொரு குடும்பம் உட்கார்ந்துவிட்டது. மிச்சமிருந்தது ஆண்கள் பந்திதான். "வேண்டாமுங்க, கடலப் பாத்துட்டு ஊட்டுக்குப் போயிச் சாப்புட்டுக்கறோம்" என்று அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். வீடு இருந்தது சங்ககிரிக்கு அப்பால்.

அப்போது பாவாயி என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னை.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றாள்.

கல்யாணமாகி அவள் என்னிடம் தானாகக் கேட்ட முதல் விஷயம் அது. புடவை கேட்கவில்லை, பூ கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் பந்தியின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் இருந்த ஆண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அத்தை விக்கித்துப்போய், மகளுக்கு மறைவாக முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பரிமாறுகிறவர் சோறு வைத்தார். பாவாயியின் கை பழக்க தோஷத்தில் இலைமேல் போய்விட்டது. அவர் வாளியோடு நின்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க மாப்ளே. கூட்டியாந்தவரு நீங்க. இங்க பந்தி உங்களுதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டல்காரர் வந்து உபசரிப்பார் என்று நான் விருந்தாளி மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நாங்கள் யார்? இந்தப் பந்திக்கு வீட்டுக்காரன் நான்தான். வாளி அவர் கையில் இருந்தாலும், வற்புறுத்த வேண்டியவன் நான். ஆனால் மாமியார் முன்னால், இருபது அந்நிய ஆண்கள் நடுவில், பெண்டாட்டியோடு எப்படிப் பேசுவது?

"இன்னுங் கொஞ்சம் சாப்பிடு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"போதுங்க" என்றாள் பாவாயி இலையைப் பார்த்துக்கொண்டு.

"என்னத்தச் சாப்ட்டே, கோழி கொறிச்ச மாதிரி!" இந்தத் தடவை என் குரல் வகுப்பில் வருவதுபோல் வந்துவிட்டது. "கையை எடு. நீங்க வையுங்க."

கை விலகியது. சோறு விழுந்தது. பரிமாறுகிறவருக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் பாவாயியை அவர் கேட்கவேயில்லை. குழம்பு என்றால் என்னைப் பார்ப்பார், நான் அதட்டுவேன், அவர் ஊற்றுவார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாவாயி நன்றாகச் சாப்பிட்டாள். குனிந்த தலைக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அத்தை, நீங்களும் உக்கோருங்க" என்றேன். வேண்டாமுங்க என்றாள். விடவில்லை. கை கழுவிட்டனுங்க என்றாள். அதற்கும் விடவில்லை. நாலாவது அதட்டலுக்கு உட்கார்ந்தாள். இலைக்கு மேல் நீண்ட அந்தக் காய்த்துப்போன கைகளை நானே பிடித்து விலக்கினேன். அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயும் உக்கோருடா சாமி. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது பாரு" என்றாள்.

மூன்று மாதமாக நட்டிருந்த எல்லைக்கல்லை அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகாயைக் கடித்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

கிளம்பும்போது முதலாளி, "அடுத்த தடவ வர்றதுன்னா முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க, கூட ஒரு பானை வெக்கணும்" என்றார். பிறகு டிராம் ஏறிக் கடலுக்குப் போனோம். அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "மேட்டூரவிடப் பெருசுதான்" என்று ஒப்புக்கொண்டாள். ஒரு வாய் அள்ளிப் பார்த்துத் துப்பிவிட்டு, "குடிக்கறதுக்கு ஆவாதுன்னா இத்தன தண்ணி எதுக்குடா சாமி?" என்று கேட்டாள்.

ஊருக்கு வந்தபின் அத்தை கடலைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நம்ம பையன் மதராசுல எங்களுக்குப் பந்தி போட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளக்காரன் சோறு என்ற பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு நானும் பாவாயியும் சேலம், ஈரோடு என்று எத்தனையோ ஓட்டல்களில் சாப்பிட்டோம். எங்கே உட்கார்ந்தாலும் அவள் கையை நீட்டுவாள், நான் அதட்டுவேன். பிள்ளைகள் வளர்ந்ததும், "அப்பா, மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று நெளிவார்கள். நாங்கள் விடவில்லை. வீட்டில் அவள் முறை. நான் கையை நீட்டுவேன், அவள், "மதராஸ்காரரு குருவி மாதிரிதான் சாப்புடுவாராமா?" என்று கேட்டுக்கொண்டே கையைத் தட்டிவிட்டு வைப்பாள். அந்தப் பழைய ஆராய்ச்சியை அவளிடம் எந்த வேளையில் சொன்னேனோ, கடைசிவரை மறக்கவில்லை.

சங்ககிரி ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிப் போன பாதையில் இப்போது லாரி வரிசை. டிராம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சந்தை இந்தத் தடவை தேடிப் பார்த்தேன், ஓட்டல் இருந்த இடத்தில் குழாய்ச் சாமான் கடை. அத்தை போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பாவாயி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போனாள்.

ஏ.சி. அறையில் எனக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் குழந்தையின் பையை வைத்திருந்தார்கள். பரிமாறும் பையன் மறுபடி சோறு கொண்டு வந்ததும் என் வாய் பழக்கத்தில் அந்த நாற்காலியைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் சாப்பிடு" என்று சொல்லிவிட்டது. தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் அதற்குப் பக்கத்தில் இருந்த பேரன் பெண்டாட்டி. சட்டென்று இலைக்கு மேல் கையை நீட்டினாள்.

"போதும் தாத்தா."

அந்தக் கையைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்னத்தச் சாப்ட்டே!" என்று ஆரம்பித்துப் பையனிடம், "வையுப்பா" என்றேன்.

"ஐயோ தாத்தா, நிஜமாவே போதும்" என்று சிரித்தாள். நல்ல பெண். அவளுக்கு நிஜமாகவே போதும். பையன் வாளியை என் பக்கம் கொண்டு வந்தான்.

நான் இரண்டு கையையும் இலைக்கு மேல் நீட்டி, "போதுங்க" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.